டபுள் கேப் வாங்கும் முன் பாயை விரித்து அடியில் படுங்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நாலு சில்லும் இழுக்கிற, இரண்டு வரிசைச் சீட்டும் பின்தட்டும் உள்ள டபுள் கேப் ஒன்று விலைக்கு நின்றால், பார்க்கப் போகிறவர் முதலில் மீட்டரைப் பார்க்கிறார். பிறகு பொனட்டைத் திறக்கச் சொல்கிறார். பிறகு பெயின்டைத் தடவிப் பார்க்கிறார். அடியில் படுத்துப் பார்க்கிறவர் மிகக் குறைவு. விற்கிறவருக்கும் இது தெரியும் என்பதால் செலவெல்லாம் மேலேயே செய்யப்பட்டிருக்கும்.

இந்தக் கரையில் ஓட்டத்தால் செத்த வாகனத்தைவிட உப்பாலும் சேற்றாலும் செத்த வாகனமே அதிகம். தேய்ந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டலாம், கியர்பொக்ஸை மாற்றலாம். வண்டியின் அடிச்சட்டமான செசியைக் கறள் தின்றால் மருந்தில்லை. வேறு செசி போட்டால் பதிவில் உள்ள இலக்கத்தோடு ஒத்துவராது. ஒட்டுப் போட்டு வெல்டிங் பண்ணினால், பாரம் ஏற்றி ஒரு குழியில் விழும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். அதனால் முதலில் செசி, அடுத்தது கடதாசி, அதற்குப் பிறகுதான் எஞ்சின். முதல் இரண்டில் ஒன்று சரியில்லாவிட்டாலும் மூன்றாவதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வண்டி எங்கிருந்து வந்தது

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையிலுள்ள இந்த ஐந்து வருடத்தை நினைவில் வைத்திருங்கள். "2022இல் இறக்கினது, ஒரே ஓனர்" என்று ஒருவர் சொன்னால், எந்த அனுமதியில் இறக்கினார் என்று கேட்டுச் சுங்கக் கடதாசியைப் பாருங்கள். விதிவிலக்குகள் இருந்தன, ஆனால் அவற்றுக்கு எழுத்து ஆதாரமும் இருக்கும். உள்ளூரில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் அந்த ஐந்து வருடமும் மாற்றீடு இல்லாமல் உழைத்தவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிடைத்ததை ஊற்றி ஓடியவையும் அவற்றில் உண்டு. அதன் விளைவை, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரில் பார்க்கலாம்.

"ஜப்பான் வண்டி" என்ற பேச்சையும் அப்படியே எடுக்காதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, ரெவோ, இசுசு டி-மெக்ஸ், மிட்சுபிஷி ட்ரைட்டன் என்று இங்கு ஓடும் புதிய தலைமுறை டபுள் கேப்களில் பெரும்பாலானவை தாய்லாந்தில் செய்யப்பட்டவை. செசி இலக்கம் எம்.ஆர்.0 என்று தொடங்கினால் தாய்லாந்து டொயோட்டா, எம்.பி.1 என்றால் தாய்லாந்து இசுசு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய ஹைலக்ஸில் 17 எழுத்து இலக்கம் இராது, எல்.என். 106 என்ற மொடல் குறியும் அதற்குப் பின்னால் ஒரு தொடர் இலக்கமும் மட்டும் இருக்கும். தாய்லாந்து வண்டி தரம் குறைந்தது என்பதல்ல இதன் பொருள். ஜப்பானில் பாவித்த வண்டியை ஏலம் விடும்போது அதன் நிலையை எழுதிக் கொடுப்பது ஏல அறிக்கை; தாய்லாந்திலிருந்து நேரே இறக்கிய வண்டிக்கு அது இருக்க வழியில்லை. அப்படியிருக்க ஒருவர் ஏல அறிக்கை காட்டினால், அந்த ஆள் வேறு எதையெல்லாம் அச்சடிப்பார் என்று யோசியுங்கள்.

உண்மையாகவே ஜப்பானில் பாவித்து வந்த வண்டியென்றால் ஏல அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தரம் 4, 4.5 என்றிருந்தால் நல்லது. ஆர் அல்லது ஆர்.ஏ. என்றிருந்தால் விபத்துக்குப் பிறகு திருத்தியது. வண்டியின் படத்தின் மேல் போட்டிருக்கும் எழுத்துகளில் ஏ கீறல், யூ நெளிவு, டபிள்யூ திருத்திய இடம். நமக்கு வேண்டியவை எஸ்ஸும் சீயும்தான்: எஸ் கறள், சீ அரிப்பு. ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசங்களில் றோட்டுக்கு உப்புத் தூவுவார்கள். அங்கிருந்து வந்த வண்டி வாழைச்சேனைக் கடலைக் காணாமலேயே அடியில் அரித்திருக்கும்.

புதிதா, பாவித்ததா என்ற கேள்விக்கு எங்கள் கருத்து இது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் தார் றோட்டில் ஓடுவதுதான் முக்கால்வாசி வேலை என்றால், காசு இருப்பவர் புதிதை வாங்கட்டும். வயல் வட்டைக்குள் இறங்குவது, வாகரைக் கரையில் மணலில் ஓடுவது, பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போவது என்று நினைப்பவருக்கு, குருநாகல் கண்டிப் பக்கம் ஓடிய சுத்தமான விகோ அல்லது டி-மெக்ஸ் போதும். மலைநாட்டு வண்டியில் கிளச்சும் பிறேக்கும் தேய்ந்திருக்கும், ஆனால் அவை காசு கொடுத்தால் கிடைக்கும் சாமான்கள்.

அடியில் பார்ப்பது

கொண்டுபோக வேண்டியவை: பாய் அல்லது தறப்பாள், நல்ல டோர்ச், சின்ன உருண்டைத் தலைச் சுத்தியல், தட்டை ஸ்குரூட்ரைவர், காந்தம், 24 ஸ்பேனர், டயர் காற்று மானி, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர். மழை பெய்து நனைந்த வண்டியைப் பார்க்கப் போகாதீர்கள். ஈரம் பெயின்டையும் மறைக்கும், எண்ணெய்க் கசிவையும் மறைக்கும். சமதரையில், பகல் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். ஜக்கில் தூக்கிய வண்டிக்கு அடியில், ஸ்டாண்ட் வைக்காமல் ஒருபோதும் போகாதீர்கள்.

பின் சில்லுக்குப் பின்னாலிருந்து தொடங்குங்கள். டபுள் கேப்பின் செசி முன்னால் அரிப்பது குறைவு. பின் அக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் பகுதியும், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகளைச் சுற்றியுள்ள இடமும்தான் முதலில் போகும். காரணம் எளிது. செசி உள்ளே வெறுமையான பெட்டி. சேறும் மணலும் ஓட்டைகளால் உள்ளே போகும், கீழேயுள்ள வடிகால் துளைகளை அடைக்கும். அடைபட்ட ஈரச்சேறு மாரி முடிந்த பிறகும் உள்ளேயே கிடந்து, உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியில் பெயின்ட் நன்றாகவே தெரியும்.

சுத்தியலால் ஒவ்வொரு நான்கு விரலுக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் சத்தமில்லாமல் அமுங்கும், அல்லது உள்ளே செதில் கொட்டும் சத்தம் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூட்ரைவர் முனையை அழுத்துங்கள். ஏறினால் எழுந்து வந்துவிடலாம். மேலே மெல்லிய கபில நிறக் கறள் படிந்திருப்பது பரவாயில்லை, கம்பித் தூரிகையால் உரசினால் போகும். அடுக்கடுக்காக உரிவதுதான் ஆபத்து. வடிகால் துளைகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரச்சேறு வந்தால் விலையைக் குறைக்கலாம், கறள் செதில் வந்தால் வாங்கவே வேண்டாம்.

விற்பனைக்கு முன்தான் அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் கவனம். தார்ப் பூச்சு கறளின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். எக்ஸோஸ்ட் குழாய், பிறேக் குழாய், ஸ்பிரிங் எல்லாவற்றிலும் அதே கறுப்பு தெறித்திருந்தால், அவசரமாக அடித்தது. பழைய பாதுகாப்புப் பூச்சு புழுதி படிந்து மங்கிப் போயிருக்கும். காந்தத்தைச் செசியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

அடுத்து, கபின் செசியில் உட்காரும் றப்பர் மவுண்டுகளின் இருப்பிடங்கள், பின் அக்ஸிலுக்குப் போகும் பிறேக் குழாய், டீசல் தாங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டி. பிறேக் குழாய் கொப்புளம் போட்டிருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும். பெரிய செலவில்லை, ஆனால் அதைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓட்டி வரக்கூடாது.

பின்தட்டு வண்டியின் தொழிலைச் சொல்லும். தட்டின் தரையில் போட்ட றப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். கல்முனை, ஒலுவில், வாழைச்சேனைப் பக்கம் மீன்வாடிக்கு ஓடிய வண்டியென்றால், ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தட்டின் மூலைகளால் வடிந்து, நேராகச் செசியின் மேலே விழுந்திருக்கும். யூரியா மூட்டை ஏற்றியதும் அதே வேலையைச் செய்யும், அந்த உரம் ஈரத்தை இழுத்து வைத்து இரும்பைத் தின்னும். வெள்ளாமைக்காரரின் வண்டி அடிக்கடி வேறு வழியில் களைத்திருக்கும்: நெல் மூட்டைக்காக ஸ்பிரிங்கில் மேலதிகமாக இலை சேர்த்திருப்பார்கள். இலைகளை எண்ணி இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். வெறும் வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நின்றால் அது அழகுக்காக அல்ல, பாரம் சுமந்த வரலாறு. எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகும் குழாயினுள் விரலால் தடவுங்கள். உமித்தூள் ஒட்டினால் அந்த எஞ்சின் புழுதி குடித்திருக்கிறது.

தண்ணீரில் நின்றதா

2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு மாவட்டங்களும் மூழ்கின. 2024 நவம்பரிலும் வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டின் பல பகுதிகளையும் வெள்ளத்தில் விட்டது. அதனால் "வெளியூர் வண்டி, வெள்ளம் காணாதது" என்ற பேச்சுக்கும் இப்போது பெறுமதியில்லை. மிகப் பழைய கரையோர வண்டியென்றால் 2004 டிசம்பர் சுனாமியின்போது எங்கே நின்றது என்றும் கேளுங்கள்.

கழுவி, சீட்டுத் துணி மாற்றி, வாசனை அடித்த வண்டியிலும் சில இடங்கள் தப்பாது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து வெளியே எடுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக்கறை கோடாக நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட் தலைகள் கறள் பிடித்திருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. கால்விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள். ஜக் வைக்கும் இடத்தின் மூலையில் மெல்லிய வண்டல் இருக்கிறதா? ஃபியூஸ் பெட்டியின் பித்தளைக் கால்களில் பச்சை பூத்திருக்கிறதா? ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு தெரிகிறதா? எலெக்ட்ரிக் சாமான் நிறைந்த ரெவோ வகையில் இவற்றில் இரண்டைக் கண்டால் திரும்பிவிடுங்கள். வயர் இணைப்புகள் ஒரே நாளில் செத்துப்போகாது. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சாகும், ஒவ்வொரு முறையும் வேறு விளக்கு எரியும்.

அக்ஸிலின் நடுவிலுள்ள கியர் உருண்டையான டிஃப்பின் எண்ணெயையும் பாருங்கள். பின் டிஃப்பின் நிரப்பும் அடைப்பைப் பல டொயோட்டாக்களில் 24 ஸ்பேனரால் திறக்கலாம். விரலை விட்டு எடுக்கும் எண்ணெய் தேன் நிறமாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் தேநீர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இதற்குப் பெருவெள்ளம் வேண்டியதில்லை. ஓடிச் சூடான டிஃப் ஆற்றில் இறங்கினால், உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, மூச்சுத் துளை அடைபட்டிருந்தால் சீலால் தண்ணீரை உறிஞ்சும். வட்டைக்குள் வாய்க்கால் கடந்து திரியும் வண்டிகளுக்கு இது சாதாரணம். எண்ணெய் மாற்றினால் போதுமா, பெயரிங் போய்விட்டதா என்பதை ஓட்டிப் பார்க்கும்போது வரும் இரைச்சல் சொல்லும்.

கடதாசி

பதிவுச் சான்றிதழை, அதாவது சி.ஆரை, மூலப்பிரதியாகவே பாருங்கள். கைபேசியில் அனுப்பும் படம் போதாது. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிலிருந்தே வாசித்து ஒப்பிடுங்கள். ஹைலக்ஸ்களில் செசி இலக்கம் வலது முன் சில்லுக்குப் பக்கத்தில், செசியின் வெளிப்பக்கம் குத்தியிருக்கும். அந்த இடம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், சுற்றிவரக் கிரைண்டர் கோடோ வெல்டிங் தையலோ இருந்தால், எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாவிட்டால், அது துண்டுகளைப் பொருத்தி உருவாக்கிய வண்டியாக இருக்கலாம். இப்படிப்பட்டதைப் பொலிஸ் பிடித்தால் வாகனமும் போகும், கொடுத்த காசும் போகும். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் சி.ஆரில் பதிந்திருக்க வேண்டும். "பிறகு பதியலாம்" என்பவரிடம், பதிந்துவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சி.ஆரில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், மீதிக் காசை விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு கம்பனிக்கே போய்க் கட்டி, விடுவிப்புக் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள்.

ஓப்பன் பேப்பர் இங்கே பழக்கமாகிப்போன நோய். பதிவு உரிமையாளர் கையெழுத்து வைத்த, பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவம், வாங்குபவர் பெயர் வெறுமையாக, நாலு கை மாறி வரும். நடுவில் யாருமே தங்கள் பெயருக்கு எடுத்திருக்க மாட்டார்கள். அந்த முதல் ஆள் கட்டாரில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். பெயர் மாற்றப் போகும்போது அவருடைய கையெழுத்தோ அடையாள அட்டைப் பிரதியோ மறுபடி வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்? பதிவு உரிமையாளரை நேரில் கண்டு, உங்கள் கண் முன்னால் கையெழுத்து வைக்கச் செய்யுங்கள். விற்பவர் எம்.டி.ஏ. 8 படிவம் மூலம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்குபவர் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன், அந்தத் திணைக்களத்தில் வண்டி இலக்கத்துக்கு எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவு விவரப் பிரதி, எடுத்துவிட்டால் பல பொய்கள் அங்கேயே முடிந்துவிடும்.

நம் பக்கத்தில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று வழக்கு. அனுமதியில்லாமல் மரமோ மணலோ ஏற்றிப் பிடிபட்ட வண்டியை நீதிமன்றம் பிணை முறி எழுதி வாங்கிக்கொண்டு தற்காலிகமாக விடும். வழக்கு முடியும்போது அதை அரசுடைமை ஆக்க முடியும், இடையில் விற்பதற்கு உரிமை கிடையாது. விலை சந்தையைவிடக் கணிசமாகக் குறைந்து, பழைய ஊரை விட்டு வண்டி தூரமாக வந்திருந்தால், அந்த ஊரில் யாரையாவது பிடித்து விசாரியுங்கள்.

சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஓட்டிய வெள்ளை டபுள் கேப்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. முன் பம்பரில் வானொலி அன்ரனா பூட்டிய துளைகளைப் பார்த்தே இனம் காணலாம். சேர்விஸ் ஒழுங்காகச் செய்த வண்டிகள்தாம், ஆனால் உடைந்த றோட்டில் கடுமையாக ஓடியவை. தீர்வையில்லாமல் இறக்கியிருந்தால், விற்கும்போது தீர்வை கட்டியதற்கான ஆதாரம் இருக்க வேண்டும்.

எஞ்சின்

குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போது பொனட் சூடாக இருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் சிறு வெண்புகை வந்து மறைவது இயல்பு. நிற்காமல் வெண்புகை வந்து தண்ணீர் குறைந்தால் ஹெட் கஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அழுத்தும்போது கரும்புகை வந்தால் இன்ஜெக்டர், எயார் ஃபில்டர் அல்லது டர்போ. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைக் கழற்றித் துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். மெல்ல ஆடினால் சரி, தூக்கி எறிந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து கசிகிறது.

மொடலுக்கு மொடல் வருத்தம் வேறு. விகோவின் 2.5, 3.0 எஞ்சின்களில் இன்ஜெக்டருக்குக் கீழேயுள்ள செப்பு வாசர்கள் கசிந்தால், எரிந்த வாயு எண்ணெய்க்குள் போய் அதைக் கரியாக்கும். கரி, எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் வலையை அடைக்கும், எண்ணெய் அழுத்தம் விழும், எஞ்சின் இறுகும். ஸ்கேனரில் இன்ஜெக்டர் திருத்த அளவுகளைப் பாருங்கள். நாலும் சைபருக்கு மேலோ கீழோ 3க்குள் நிற்க வேண்டும். காலையில் தட்டும் சத்தம் கேட்டால், விலை பேசும்போது நாலு இன்ஜெக்டரின் விலையைக் கழித்தே பேசுங்கள். இந்த எஞ்சின்களின் டைமிங் பெல்டை மாற்ற 150,000 கிலோமீற்றர் வரை கெடு தருகிற நாடுகள் உண்டு. நம் புழுதிக்கு 100,000இல் மாற்றுவது நல்லது. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கெடுங்கள்.

மிட்சுபிஷியின் 4 டி 56இல் டைமிங் பெல்டோடு பலன்ஸ் பெல்ட் என்று இன்னொரு சின்னது உண்டு. அது அறுந்தால் டைமிங் பெல்டுக்குள் சிக்கி அதையும் கொண்டுபோகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நிசான் நவாராவின் டி 40 மொடலில் டைமிங் சங்கிலி நீளும் வருத்தம் பிரசித்தம்; ஸ்டார்ட் ஆகும்போது முன்பக்கத்தில் சலசலப்புக் கேட்கும். இசுசுவின் 3.0 எஞ்சின் சங்கிலியில் ஓடுவது, அவ்வளவாகத் தொந்தரவு தராதது. ரெவோ வகைகளில் புகைக்கரி வடிகட்டி உள்ளதா, வெட்டி எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். வடிகட்டி உள்ள வண்டிக்குச் சுப்பர் டீசல் வேண்டும், காத்தான்குடிக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் போலக் கிட்டத்தில் மட்டும் ஓடினால் அது சுத்தமாகாமல் அடைக்கும்.

மீட்டரைக் கடைசியாகப் பாருங்கள். 80,000 காட்டும் வண்டியில் பிறேக் பெடலின் றப்பர் வழுக்கையாகி, ஸ்டியரிங் தோல் பளபளத்து, ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு நைந்திருந்தால் எண் பொய்.

நாலு சில்லும் இழுக்கிறதா

டாஷ்போர்டில் விளக்கு எரிவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும், ஆகவே காய்ந்த தார் றோட்டில் நாலு சில்லில் ஓட்டக் கூடாது. கல்லடிக் கடற்கரை மணலோ, ஏதாவது கிரவல் பாதையோ நல்லது. எச் 4இல், அதாவது நாலு சில்லும் இழுக்கும் வேக நிலையில் போட்டு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல ஒரு வட்டம் போங்கள். முன்பக்கம் இழுபட்டு முரண்டு பிடித்தால் வேலை செய்கிறது. இரண்டு சில்லில் ஓடுவது போலவே இலகுவாகச் சுற்றினால் முன்பக்கம் இழுக்கவில்லை. பிறகு நிறுத்தி, நியூட்ரலில் வைத்து எல் 4, அதாவது மெதுவான வலு நிலை. கியர் தானாகத் தெறித்து வந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பெட்டி திறக்க வேண்டிய வேலை.

பழைய எல்.என். 106இல் முன் சில்லு நடுவிலுள்ள ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். கடற்கரையில் திரிந்த வண்டியில் அது இறுகிக் கிடக்கும், இரண்டையும் நீங்களே திருப்பிப் பாருங்கள். முன் அக்ஸிலின் உருண்டைக்குக் கீழே கிரீஸும் எண்ணெயும் கலந்து வழிந்தால் உள் சீல் போய்விட்டது. பிந்திய ஹைலக்ஸ்கள் சிலவற்றில் முன் டிஃப்பைச் சேர்ப்பது வெக்கியூமில் வேலை செய்யும் சின்னக் கருவி. அதன் குழாய் வெடித்தாலோ உப்பில் இறுகினாலோ விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், சேராது. முன் அக்ஸில் மூட்டை மூடும் றப்பர் உறையான சி.வி. பூட் கிழிந்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும்; முழுத் திருப்பத்தில் டக் டக் என்று கேட்கும்.

ஓட்டிப் பார்க்கக் குறைந்தது ஒரு மணி நேரம் கேளுங்கள். மட்டக்களப்பில் நிற்கும் வண்டியென்றால் செங்கலடிக்குப் போய்ப் பதுளை றோட்டில் திரும்பினால் வேகமும் வளைவும் இரண்டும் கிடைக்கும். அம்பாறையில் இங்கினியாகலைப் பக்கம் போகலாம். ஏ.சி. முழுதாகப் போட்டு, திரும்பி வந்ததும் இருபது நிமிடம் நின்ற நிலையில் ஓட விடுங்கள், சூட்டு முள் அசையக் கூடாது. கிளச்சுக்கு, ஹாண்ட் பிறேக்கை இழுத்து மூன்றாம் கியரில் மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் கிளச் நல்லது. டயரின் நாலு இலக்கக் குறியை வாசியுங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியது எவ்வளவு பூவோடு இருந்தாலும் கொதிக்கும் றோட்டில் நம்ப வேண்டாம்.

படுத்து உறங்கவும் வேண்டுமென்றால்

டபுள் கேப்பின் பின்தட்டு ஏறத்தாழ 1.5 மீற்றர் நீளம். மேலே கூடு போட்டாலும் நடுத்தர உயரமுள்ளவர் பின்கதவை இறக்கித்தான் கால் நீட்டலாம். கூரைக்கூடாரம் 50 முதல் 70 கிலோ வரும், அது உயரத்தில் இருப்பதால் வளைவில் வண்டி சாயும். கூடு, கூடாரம், 60 லீற்றர் தண்ணீர், நாலு பேர் என்று சேர்த்தால் சுமை கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். தண்ணீர்க் கான்களைப் பின் அக்ஸிலுக்கு முன்னால், தரையோடு வையுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குச் செய்த இழுவைக் கரவனை இறக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சுங்கத்தில் அது 8716.10 என்ற தலைப்பில், வாகனமாக அல்ல, இழுவைப் பெட்டியாக வரும். அங்கும் இடது பக்கமே ஓடுவதால் கதவு நமக்குச் சரியான பக்கம். 230 வோல்ட் மின்சாரமும் ஒத்துவரும், பிளக்கும் காஸ் ரெகுலேட்டரும் மாற்ற வேண்டும். 750 கிலோவுக்கு மேல் என்றால் கரவனுக்குத் தனிப் பிறேக் வேண்டும், அது மின்சாரப் பிறேக் என்றால் இழுக்கும் வண்டியில் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். கொக்கியில் அமரும் பாரம் மொத்த எடையில் பத்தில் ஒன்றளவு இருக்க வேண்டும். குறைந்தால் பின்னால் வால் ஆட்டும். இவ்வளவும் செய்துவிட்டு பாணமை மணலில் திருப்ப இடமில்லாமல் நிற்பதை யோசித்தால், டபுள் கேப்பின் மேல் கூடாரம் போதுமென்றே எங்களுக்குப் படுகிறது. லகுகலை, பாணமைப் பக்கம் எங்கே படுத்தாலும் யானை வழியை ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் படுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

வண்டி விலையில் பத்து முதல் பதினைந்து வீதத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டே பேரம் பேசுங்கள். எஞ்சின் எண்ணெய், கியர்பொக்ஸ், டிரான்ஸ்பர், முன் பின் டிஃப் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பின் டிஃப்புக்கு இரண்டிலிருந்து மூன்று லீற்றர், முன்னதற்கு ஒன்றரை அளவு, டிரான்ஸ்பருக்கு ஒன்று சொச்சம் போகும். சரியான அளவு நிரப்பும் துளையின் விளிம்பு. டிஃப்புக்கு ஜி.எல். 5 தரத்திலுள்ள 80 டபிள்யூ 90. டீசல் ஃபில்டரை மாற்றி, அதன் அடியிலுள்ள தண்ணீரை வடியுங்கள். டிஃப் மூச்சுக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்து, முடிந்தால் றப்பர் குழாய் பூட்டிப் பொனட் உயரத்துக்குக் கொண்டுபோங்கள்.

செசியின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே குழாயை விட்டு, வெளிவரும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மெழுகு வகைப் பூச்சை உள்ளே பீச்சுங்கள். தார் வேண்டாம். மாரி தொடங்குவதற்கு முன், ஒக்டோபருக்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

மணலில் இறங்கும்போது டயர் காற்றை 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, தார் ஏறும் முன் திரும்ப நிரப்புங்கள், கையடக்கப் பம்ப் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். உகந்தைப் பக்கம் போவதென்றால் பொத்துவிலிலேயே டீசலை நிரப்பிவிடுங்கள். கரையிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள், மறுநாளுக்கு விடாதீர்கள். கழுவும்போது குழாயை முன்னிருந்து பின்னாகப் பிடிக்காமல் பின் அக்ஸிலுக்கு மேலே உள்ள வளைவிலிருந்து தொடங்குங்கள். தாங்கித் தண்ணீர் முடிகிற நேரத்தில் விடுபட்டுப்போகிற இடம் எப்போதும் அதுதான்.